முனியப்பன் வளைவில் எடுக்காமல் விட்ட சாம்பிள்

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் புதிதாகச் சேர்ந்தவள்; இப்போது சாலைத் தரக்கட்டுப்பாட்டில் உதவிப் பொறியாளர். ஏற்காடு மலைச்சாலையில் இன்னும் கொஞ்ச தூரத்துக்கு மறுசுழற்சிக் கலவை போடப் போகிறார்களாம். பழைய ரோட்டின் மேல்தோலை மெஷினால் சுரண்டி எடுத்து, புது ஜல்லியும் புதுத் தாரும் சேர்த்துச் சூடாக்கி, திரும்ப அதே ரோட்டில் விரிப்பது. "ஏனுங்க மேடம், இதுல பயப்படறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

என்னிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்கிறாளே என்று சிரிப்பு வந்தது. எனக்குப் பல்லி பயம், லிப்ட் பயம், பிரஷர் குக்கர் பயம். "ஊர்ல எல்லாரும் சும்மா பயப்படறாங்க, என்ற பொண்டாட்டி மட்டும் பயப்படறதுக்குச் சம்பளம் வாங்கறா" என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னது சரிதான். தரக்கட்டுப்பாடு என்பது வேறென்ன? எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ரோட்டைப் பார்த்து, நன்றாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

அந்தப் பெண்ணுக்குப் போனில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் நாகலூர்க்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் காப்பி எஸ்டேட்டில் வேலை. டிப்ளமோ படித்து, துறையில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். ஜல்லியைச் சலித்தேன், தாரை உருக்கினேன், ரோட்டில் வெட்டியெடுத்த துண்டுகளை எடை போட்டேன். ஆண்டுகள் போய், பதவியும் கொஞ்சம் உயர்ந்தது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது ராஜமாணிக்கம் சாரைப் பற்றித்தான்.

அவர் எங்கள் கோட்டப் பொறியாளர். உயரமான மனிதர், கொஞ்சம் கூன் விழுந்த முதுகு. கோபம் வந்தாலும் ஆபத்து வந்தாலும் குரல் இறங்கும். சத்தமாகப் பேசினால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்குக் குரல் தணிந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

அவருடைய ஜீப்பில் எப்போதும் ஒரு பூவாளி இருக்கும், தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி. ரோட்டில் சந்தேகமான இடம் வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குவார். போக்குவரத்தை ஒரு ஓரமாகத் திருப்பிவிட்டு, தார் மேல் சீராகத் தண்ணீர் தெளிப்பார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காயும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல தார் சீக்கிரம் காய்ந்துவிடும். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய ஈரம் மட்டும் காயாமல் நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் கறுப்பாக எழும்பி வரும். போகிற பஸ்ஸிலிருந்து யாராவது தலையை நீட்டி, "ஏனுங் சார், ரோடு மொளைக்குமுங்களா?" என்று கேட்பார்கள். அவர் நிமிர மாட்டார். கோடு தெரிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். பிறகு இரும்புக் கம்பியால் மெல்லத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். கெட்டியாகக் கேட்டால் எழுந்துவிடுவார். குடத்தைத் தட்டியது போலக் கேட்டால் திரும்பவும் தண்ணீர் தெளிப்பார்.

மலையில் மறுசுழற்சிக் கலவை போட வேண்டும் என்று முதலில் நின்றவரும் அவர்தான். அதற்கு நல்ல காரணம் இருந்தது. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போனது. பள்ளத்துப் பக்கம் இருக்கிற கைப்பிடிச் சுவர் அப்படியே நின்றது. ஒரு காலத்தில் இடுப்பளவு இருந்த சுவர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் ரோடு உயராது. புதிதாகப் பாறை உடைக்கவும் வேண்டாம். நானும் அதை ஏற்றுக்கொண்டேன், இன்றும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் பழைய தாருக்கு ஒரு குணம் உண்டு. வெயிலும் காற்றும் பட்டு இறுகிப் போயிருக்கும். வெயிலில் குழையாது, பள்ளம் விழாது, அது நல்லது. ஆனால் வளையச் சொன்னால் முரண்டு பிடிக்கும். ஒரு சக்கரம் ஏறி இறங்கும்போது ரோடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிரும். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் எப்படி ஒடிகிறதோ, அப்படித்தான் ரோடும் ஒருநாள் ஒடியும். எங்கள் தொழிலில் அதற்கு அயர்ச்சி என்று பெயர். பாரம் தாங்காமல் உடைவது இல்லை அது. தாங்கித் தாங்கிக் களைத்துப் போவது.

அதைச் சோதிக்கிற மெஷின் கீழே ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தது. ரோட்டிலிருந்து பாளமாக வெட்டியெடுத்து, நீளக் கட்டையாக அறுத்து, குளிரூட்டிய பெட்டிக்குள் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மெஷின் அதை நடுவில் மேலும் கீழும் வளைத்துக்கொண்டே இருக்கும். பார்த்தால் அசைவதே தெரியாது. மணிக்கணக்காக ஒரு முனகல் சத்தம் மட்டும் கேட்கும். கட்டை எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று திரையில் ஓர் எண் ஓடும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பாதிக்கு வந்துவிட்டால் அந்தக் கட்டை செத்துவிட்டது என்று கணக்கு.

எனக்குப் பயம் தந்தது அதுதான். செத்த கட்டையை வெளியே எடுத்து மேசையில் வைத்தால் முழுசாக இருக்கும். கையால் தடவிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ரோட்டிலும் அப்படித்தானே இருக்கும் என்று முதல் தடவை பார்த்த அன்று நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. ஏனென்றால் என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில்தான் பஸ் ஓட்டினார்.

அவருடையது வாழவந்தி போகிற வண்டி. காலையில் அடிவாரத்தில் கிளம்பி எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். ஏறுகிற வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில், பள்ளத்துப் பக்கம், சுவரை ஒட்டி முனியப்பன் இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், ஒரு மணி, அவ்வளவுதான். ஏறுகிற பஸ்ஸும் லாரியும் அங்கே நிற்காமல் போகாது. இடப்பக்கம் ஒதுக்கி, முன்சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கண்டக்டர் கற்பூரம் காட்டித் திருநீறு கொண்டுவந்த பிறகுதான் வண்டி நகரும். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் நிற்கும். எல்லாப் பின்சக்கரமும் ஒரே இடத்தில் அழுத்தும்.

ஓடுகிற சக்கரம் ரோட்டைத் தொட்டுவிட்டுப் போய்விடும். நிற்கிற சக்கரம் உட்கார்ந்து அமுக்கும். மேட்டில் கிளம்பும்போது அதே சக்கரம் ரோட்டைப் பின்னால் உதைக்கும். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த வளைவை நினைத்தாலே பயம்.

ஒரு சாயங்காலம் சாப்பாடு போடும்போது கேட்டேன். "ஏனுங்க, முனியப்பனை வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கிட்டுப் போனா ஆகாதுங்களா?"

அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்புள்ள, உனக்கு ரோட்டப் பாத்தாப் பயம். எனக்கு அவரக் கும்பிடாமத் தாண்டினாப் பயம். நிக்காமப் போன வண்டி எதுன்னு மலையில யாரையாச்சும் கேட்டுப் பாரு."

"கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ தள்ளியாச்சும் நிறுத்துங்க."

"சாமி அங்கதான் இருக்குது. அதென்ன பஸ் ஸ்டாப்பா, தள்ளி வெக்கறதுக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல ரோடு புள்ள. தொட்டில் மாதிரி போவுது. நொம்ப யோசிக்காத" என்றார்.

ரோடு போட்டுச் சில மழைக்காலம் கடந்த பிறகு, அது எப்படித் தாங்குகிறது என்று பார்க்கப் பல இடங்களில் பாளம் வெட்டி எடுத்தோம். முனியப்பன் வளைவிலும் எடுத்தோம். சாமிக்குக் கீழே கொஞ்சம் தள்ளி ஒன்று, மேலே கொஞ்சம் தள்ளி ஒன்று. சாமிக்கு நேர் முன்னால் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. மெஷின்காரர் செங்கோடன் அந்த இடம் வந்ததும் மெஷினைத் தள்ளி இறக்கினார். சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டவரும் தள்ளியே போட்டார். ராஜமாணிக்கம் சார் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குறிப் பக்கம் நகர்ந்து நின்றார். கோயிலுக்கு முன்னால் காலிலிருந்து செருப்பு கழல்வது போல, அது தானாக நடந்தது. சாமி முகத்துக்கு எதிரே பூமியைத் துளைக்க எங்களில் யாருக்கும் கை வராது.

இரண்டு பாளங்களின் சோதனை முடிவும் வந்த அன்று ஆய்வகத்தில் சாரும் நானும் செங்கோடனும் இருந்தோம். முடிவு மோசமில்லை. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் முன்னதாகக் களைத்திருந்தது, அவ்வளவுதான். சார் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வளைவுல வண்டியெல்லாம் எங்க நிக்குது?"

"சாமிக்கு முன்னாடிங்க சார்."

"நாம எங்க எடுத்தோம்?"

செங்கோடன் தரையைப் பார்த்தார்.

"நமக்குத் தோதான எடத்துல எடுத்தா, நமக்குத் தோதான ரிசல்ட்தான் வரும்" என்றார் சார். அதைக் கேட்க நான் முன்னால் குனிய வேண்டியிருந்தது. அவ்வளவு தணிந்திருந்தது குரல். "பூவாளியில தண்ணி இருக்குதான்னு பாருங்க. இப்பவே போலாம்."

அதற்கு முந்தைய சில நாட்களாக மலையில் விடாத மழை. முந்தின இரவுதான் விட்டிருந்தது. ஜீப் ஏற ஏற மூட்டம் அடைத்தது. என் வீட்டுக்காரர் வண்டி மலை ஏறுகிற நேரம் அது. போன் போட்டேன். ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். சார் டிரைவரிடம், "கொஞ்சம் வெரசலாப் போப்பா" என்றார்.

வளைவு திரும்பியபோது பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கண்டக்டர் தட்டோடு சாமி முன்னால் நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சார் இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். நானும் போனேன். பூவாளி தேவைப்படவில்லை. மழை நனைத்த ரோடு மேலே காய்ந்திருந்தது. இடது பின்சக்கரத்தைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோடுகள், முதலைத் தோல் போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுவர் வரைக்கும் போயிருந்தன. கோடுகளுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் சேற்றுத் தண்ணீர் கசிந்தது. இன்ஜின் அதிர்கிற ஒவ்வொரு அதிர்வுக்கும் அது கொஞ்சம் வெளியே வந்து உள்ளே போனது. அடியில் இருக்க வேண்டிய மண் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். விரிசல் பஸ்ஸை ஒன்றும் செய்யாது. விரிசல் வழியாக இறங்குகிற தண்ணீர்தான் செய்யும்.

"இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் சார். "சாவகாசமாச் சொல்லுங்க."

நான் டிரைவர் பக்கம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன புள்ள, இங்க வந்துட்ட?"

"இன்ஜினை நிறுத்துங்க. பிரேக்கிலேருந்து காலை எடுத்துறாதீங்க" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

படிக்கட்டு பள்ளத்துப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வலது பக்கம் அவசர வழி ஒன்று உண்டு. திறந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ஜீப் டிரைவர் ஏறி அதை உதைத்துத் திறந்தார். செங்கோடன் வலது சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார். கண்டக்டரைத் திரும்ப வராமல் அப்படியே மேல் பக்கமாக நடந்து போகச் சொன்னோம்.

சார் அவசர வழியில் தலையை நீட்டி, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவது போலப் பேசினார். "ரோட்டுல சின்ன வேலைங்க. கடைசி சீட்டுல இருக்கறவங்க மொதல்ல வாங்க. ஒவ்வொருத்தரா. மத்தவங்க உக்காந்திருங்க, உங்க மொறை வரும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். நானும் செங்கோடனும் கையைப் பிடித்து இறக்கினோம். எஸ்டேட் பெண் ஒருத்தி பலாப்பழத்தை விட்டு வர மாட்டேன் என்று நின்றாள். "பழம் எங்கயும் போவாதுங்கம்மா, நீங்க வாங்க சாமி" என்றார் சார். அவளை இறக்கும்போது பஸ் இலேசாக அசைந்தது. பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, ஈரத் துணியைக் கல்லில் வைத்தது போல. இறக்கிய ஒவ்வொருவர் கையையும் நான் எண்ணாமல் எண்ணினேன். இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் அவர் என்று மட்டுமே மனசில் ஓடியது. அப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் அவர் மட்டும் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கை பிரேக் போட்டாச்சுங்களா?" என்று கேட்டார் சார்.

"போட்டாச்சுங்க."

"கியர்?"

"இருக்குதுங்க."

"அப்ப மெதுவா எறங்கி வாங்க. எங்களையே பாத்துட்டு வாங்க."

அவர் இறங்கினார். நான் அவர் கையைப் பிடித்து ரோட்டின் அந்தப் பக்கத்துப் பாறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் பாறையைத் தொட்டபோது பின்சக்கரம் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பஸ் அயர்ந்து சாய்வது போல அந்த முழங்கால் சுவரில் போய்ச் சாய்ந்தது. சுவரில் சில கற்கள் பெயர்ந்து மூட்டத்துக்குள் போயின. அவை விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது. பஸ் அப்படியே நின்றது.

என் வீட்டுக்காரர் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. "பாத்தியா புள்ள? நிறுத்தினதாலதான் நீங்க வந்து புடிச்சீங்க. இங்க நிக்காமப் போயிருந்தா வேற எங்கியோ ஆயிருக்கும்" என்றார். அவர் குரலில் நடுக்கமே இல்லை. நிறுத்தியதால்தான் ரோடு போனது என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லாமல் விட்டேன்.

பஸ்ஸைத் தூக்கி எடுத்த பிறகு, உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய சாமிக்கு நேர் முன்னாலேயே துளை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. செங்கோடன் முடியாது என்றார். "மெமோ குடுத்தாலும் சரிங்க சார், சஸ்பெண்ட் பண்ணினாலும் சரிங்க." அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்; சாமிக் குற்றம் அவர்கள் மேல் வந்துவிடுமோ என்று பயம். சார் வற்புறுத்தவில்லை.

இதை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குளித்துவிட்டு எங்களோடு ஜீப்பில் வந்தார். செருப்பைக் கழற்றினார். கற்பூரம் ஏற்றி, முனியப்பனிடம் முணுமுணுவென்று என்னவோ பேசினார். திருநீற்றை மெஷினுக்கும் பூசி, செங்கோடன் நெற்றியிலும் வைத்தார். "கேட்டுட்டேன். போடுங்கண்ணா. ஏதாச்சும் கொறை வந்தா என்ற மேல வரட்டும்" என்றார்.

மெஷின் இறங்கியது. நல்ல ரோடாக இருந்தால் வழவழப்பான உருளையாக ஒரே துண்டாக வரும். இதில் உருளை வரவில்லை. மேலே மெல்லிய பில்லை ஒன்று வந்தது. அதற்குக் கீழே கறுப்புச் சில்லுகளும் சேறும்தான் வந்தன. அதற்கும் கீழே மெஷின் எதையும் தொடவில்லை. செங்கோடன் கம்பியை உள்ளே விட்டார். கம்பி தடங்கல் இல்லாமல் இறங்கியது.

என் வீட்டுக்காரர் சில்லுகளைக் கையில் வாங்கினார். விரலால் நசுக்கியதும் அவை பொடிந்தன. "இதுமேலயா நின்னேன்?" என்று கேட்டார். "தெனமும் இதுமேலயா?" என்றார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அந்த இடத்தில் சுவரை அடியிலிருந்து கட்டினார்கள். வண்டி நிற்க கான்கிரீட் தளம் போட்டார்கள். மறுசுழற்சிக் கலவையைக் குறை சொல்ல இடமில்லை என்று சார் அறிக்கை எழுதினார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ரோட்டின் மற்ற இடங்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. போன் செய்த அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதும் அதுதான்: "கலவையப் பாத்துப் பயப்படாத கண்ணு. கை எங்க கூசுதோ அங்க மொதல்ல சாம்பிள் எடு."

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு மலை வண்டி எடுக்கவில்லை. ஒரு வாரம் முயன்று பார்த்தார். அடிவாரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், வண்டியை எடுக்க முடியவில்லை என்று கண்டக்டர் வந்து சொன்னார். எழுதிக் கொடுத்து சமவெளி ரூட்டுக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றார். எத்தனையோ வருஷம் நான் ஆசைப்பட்டேன், இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது பயம் வரட்டும் என்று. அது இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

இப்போது நாகலூரில் சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தால் பஸ்ஸில் போகிறோம். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் உள்பக்கம் உட்கார்ந்துகொள்வார். முதல் வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு என் கையைத் தேடுவார். நான் பள்ளத்தைப் பார்த்தபடி, "நல்ல ரோடுங்க. நான் சோதிச்சுப் பாத்த ரோடுதானுங்க" என்று மேலே போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே வருவேன்.